ஊன்றும் இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நானே உட்கார்ந்து யோசித்து எடுத்தது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மதிய நேரம். கடையில் வேறு யாரும் இல்லை. என் மூக்கின்மேல் அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிக்காரர் அதில் ஒவ்வொரு வில்லையாகச் செருகிக்கொண்டிருந்தார். ஒரு வில்லையில் எதிர்ச்சுவர் பக்கத்தில் வந்து நின்றது. இன்னொன்றில் அதே சுவர் விலகிப் போய்ப் பஞ்சாக ஆனது. வெளியே போகிற சைக்கிள்கள் தண்ணீருக்கடியில் போவது போலப் போயின. "இது தெளிவா, இது தெளிவா?" என்று அவர் கேட்ட தாளத்தில் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. கடைசியில், படிக்கிற தூரத்துக்கென்று ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். எழுத்து ஆங்கில எழுத்து. மொழி ஆங்கிலம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் சின்னச் சின்னக் கோடுகளால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன மொழி?"

"( ) இத்தாலி."

"எனக்கு இத்தாலி தெரியாதே."

"அதுக்குத்தான். தெரிஞ்ச மொழின்னா முதல் ரெண்டு எழுத்தைப் பார்த்துட்டு மிச்சத்தை நீங்களே ( ) ஊகிச்சுப் படிச்சிடுவீங்க. கண்ணு பார்க்குதா, மனசு ( ) பார்க்குதான்னு எனக்குத் தெரியாம போயிடும்."

அந்தக் காலி அடைப்புக்குறிகளைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. கண்ணாடிக்காரருக்குத் திக்குவாய். அதை எப்படி எழுதுவது என்று நிறைய யோசித்தேன். முதல் எழுத்தை மூன்று தடவை போட்டு நடுவில் கோடு கிழித்தால் சினிமாவில் சிரிப்புக்கு வருகிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அவர் நிற்கிற இடத்தில் ஒரு காலி அடைப்புக்குறி போடுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

மூக்குப் பிடியைச் சரிசெய்ய, காதுக் கொக்கியை நிமிர்த்த என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி போனேன். அவர் சொன்னார். அவசரப்படாமல் சொன்னார்; அவசரப்பட அவருக்கு வழியும் இல்லை.

"எழுதிக்குங்க," என்றார். "ஆனா என் பேச்சை ( ) அழகு பண்ணாதீங்க."

2

[கைவிட்ட தொடக்கம்: பிறந்ததிலிருந்தே அவன் நாக்கில் ஒரு கதவு இருந்தது. அதன் சாவி ஏழு கடலுக்கு அப்பால், ஓர் அந்நிய மொழியின்]

இந்த இடத்தில் நிறுத்தினேன். படித்துக் காட்டியபோது, "நாக்குல கதவெல்லாம் ( ) இல்லீங்க," என்றார்.

[இன்னொன்று: மழை பெய்துகொண்டிருந்தது.]

பெய்யவில்லை.

சரி, நேராகச் சொல்கிறேன். கடைக்குள் அவர், கதைக்குள் வந்துவிட்டால் அவன். மரியாதை விகுதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கதை எழுத முடிகிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அவனும் அவன் அக்காவும் கடைக்கு மேலே, மாடியில் இருந்தார்கள். அப்பா அம்மா இல்லை. அக்காவுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. யார் எந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை அவர்கள் வாயைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். தம்பி ஒரு சொல்லைத் தொடங்கித் திணறினால், மிச்சத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவாள். கடையில் சரக்கு கொண்டு வருகிறவனிடம், மின்சார அலுவலகத்தில், தொலைபேசியில், எல்லா இடத்திலும் அவன் தொடங்குவான், அவள் முடிப்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கெட்டிக்காரி.

சரியாக இல்லாத இடங்களும் உண்டு. சின்ன வயதில் ஒருநாள், தனக்கு ஒன்று கற்றுக்கொள்ள ஆசை என்று அவன் 'வ' என்ற எழுத்தில் நின்றான். "வரையணுமா?" என்றாள் அக்கா. அவன் சொல்ல வந்தது வயலின். திருத்துவதா, வரைவதா என்று பார்த்தான். வரைவது சுலபமாக இருந்தது. பல வருடம் ஓவிய வகுப்புக்குப் போனான்.

"நல்லாவும் ( ) வரைஞ்சேன்," என்றார் கண்ணாடிக்காரர், என் சட்டத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டே.

3

இத்தாலி எங்கிருந்து வந்தது என்றால், அக்கா ஒரு பாடகர் குழுவில் இருந்தாள். வேலை முடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில், குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து பாடுகிற குழு. நடத்துகிறவருக்குக் குச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கையில் வைத்திருந்ததும் குச்சி, ஆளும் அப்படித்தான். அந்த வருடம் அவர் மெட்டமைத்த சில பாட்டுகளுக்குச் சொற்கள் இத்தாலிய மொழியில் இருந்தன. இசைக் குறிப்பு ஒரு தாளில், சொற்கள் இன்னொரு தாளில். ஒவ்வொருவரும் சொற்களை அசை அசையாகப் பிரித்து, எந்தச் சுரத்துக்குக் கீழே எந்த அசை என்று அவரவரே எழுதிக்கொண்டு வர வேண்டும்.

"எனக்குப் பாடத்தான் தெரியும். கசாப்பு வேலையெல்லாம் தெரியாது," என்று அக்கா தாள்களைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள்.

தம்பி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான். ஓவியக் கை. விதிகள் அவனுக்குப் பிடித்திருந்தன. ஒரே மெய் இரட்டித்து வந்தால் நடுவில் பிரி: தூக்கம், ஸோன்-னொ. ஆனால் 'ஞ' ஒலிக்கு அவர்கள் எழுதுகிற இரண்டு எழுத்தை ஒருநாளும் பிரிக்காதே: கனவு, ஸோ-ஞொ. தூக்கம் உடையும், கனவு உடையாது. 'ஸ்' தனியாக நிற்காது, அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும்: ஜன்னல், ஃபி-னே-ஸ்த்ர. இரண்டு உயிரெழுத்து பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சில சமயம் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் முறைத்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும்: பயம், ப-ஊ-ர.

(இந்தச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஊன்றிச் சொல்லும் அசைக்கு மட்டும் நெடில் போடுகிறேன். மற்றதெல்லாம் குறில். இத்தாலிக்காரர்கள் மன்னிக்கட்டும்.)

பிரித்து முடித்துச் சரிபார்க்க அவன் வாய்விட்டுப் படித்தான். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடினாள். கை ஈரத்தோடு வந்து நின்றாள். அவன் படித்துக்கொண்டே இருந்தான். ஸோன்-னொ. ஸோ-ஞொ. ஃபி-னே-ஸ்த்ர. ப-ஊ-ர. எங்கும் நிற்கவில்லை. சாயங்கால வெயில் மேசையின் பாதியில் கிடந்தது. யாரோ ஒருவனுடைய குரல் அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது புதிது.

"இன்னொரு தடவை படி," என்றாள் அக்கா.

படித்தான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

4

வாசகரே, இங்கே ஒரு நிமிடம். இத்தாலிய மொழி திக்குவாயைக் குணமாக்கும் என்று நான் எழுதப்போவதாக நீங்கள் நினைத்தால், இல்லை. அப்படி எழுதினால் திக்குகிறவர்கள் எல்லோரும் என்னை உதைக்க வருவார்கள், வர வேண்டும். தாளை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, ( ) தண்ணி கொடு," என்றுதான் அடுத்த வாக்கியத்தைச் சொன்னான். 'தண்ணி' என்பதை அவளே சொல்லிவிட்டாள் என்பது இன்னும் சரி.

பிறகு ஏன் அங்கே மட்டும் நிற்கவில்லை? என் ஊகம் ஒன்று உண்டு. அந்த மொழியில் அவனுக்காக முடித்துவைக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரரிடம் இதைச் சொன்னேன். தோளைக் குலுக்கினார்.

இன்னொரு விஷயம். சொல்லின் இந்தத் துண்டுகளுக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அசை. அசை என்றால் நகர் என்றும் பொருள். அசைகள் சேர்ந்தால் சீர், சீரும் சீரும் சேருகிற இடத்துக்குத் தளை என்று பெயர். தளை என்றால் காலில் பூட்டுகிற விலங்கு. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோயிருந்தேன். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் ஒரு மனிதன் என்ன பாடு படுகிறான் என்று பார்த்த பிறகு, அந்தப் பெயர்களை வைத்தவர்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பாரோ என்று தோன்றியது.

பிரிப்பது பாதி வேலைதான். எங்கே ஊன்றுவது என்பது மறுபாதி. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் மாம்பழம் மாம்பழம்தான். அங்கே அப்படி இல்லை. ப-பா என்றால் அப்பா. பா-ப என்றால் போப்பாண்டவர். கொஞ்சம் அசந்தால் பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா போப்பாண்டவராகிவிடுவார். ஒரே எழுத்துகள் கொண்ட சொல் மூன்றாகவும் ஆகும்: கா-பி-த-னொ என்றால் 'நேர்கின்றன', க-பி-தா-னொ என்றால் 'தலைவன்', க-பி-த-னோ என்றால் 'தலைமை தாங்கினான்'. கடைசி அசையில் ஊன்றினால்தான் எழுத்தின் மேல் ஒரு சின்னக் கீற்றுப் போடுவார்கள். மற்றபடி தாளைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

"முழுசாக் கேட்டாத்தான் என்ன வார்த்தைன்னே தெரியும்," என்று குச்சி சொன்னாராம். அக்கா வீட்டுக்கு வந்து அதைத் தம்பியிடம் சொன்னாள். மொழியைப் பற்றிய தகவலாகத்தான் சொன்னாள்.

5

அந்தச் சமயத்தில்தான் ஒரு சம்பந்தம் வந்தது. தெரிந்தவர் மூலமாக. பெண் ஒரு

[விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஈரத் துணியில் விதைகளைப் பரப்பி, முளைவிடும்வரை பொறுமையாக]

இதை அடித்துவிடுங்கள். அழகாக இருந்தது என்று எழுதிவிட்டேன். பொறுமைசாலிப் பெண்ணொருத்தியைக் கொண்டுவந்து வைத்தால் எனக்கு வேலை சுலபம், அவளுக்கு அது நியாயம் இல்லை. உண்மையில் அவள் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவள். எந்தப் பேருந்து எங்கே எப்போது இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவள் வேலை. அது அங்கே இல்லை என்றால் திட்டு வாங்குவதும் அவள்தான். டீயை ஆற விடமாட்டாள். மின்தூக்கிப் பொத்தானை அது வெளிச்சம் போட்ட பிறகும் அழுத்துவாள்.

அக்காவும் தம்பியும் அவள் வீட்டுக்குப் போனார்கள். அக்கா பேசினாள். கடையைப் பற்றி, மாடி வீட்டின் காற்றைப் பற்றி, தம்பியின் ஓவியங்களைப் பற்றி. அவனிடம் கேட்ட கேள்விகளுக்கும் அவளே சொன்னாள். "தம்பி ரொம்ப அமைதி," என்றாள் சிரித்துக்கொண்டே. அவன் தலையாட்டினான், புன்னகை செய்தான். அட்டவணைக்காரி ஒருமுறை அவனையே பார்த்து, "நீங்க என்ன படிப்பீங்க?" என்று கேட்டாள். அக்கா முந்திக்கொண்டு, "எது கிடைச்சாலும் படிப்பான். இப்ப இத்தாலிகூடப் படிக்கிறான்," என்றாள்.

அவளுக்குப் பிடித்திருந்தது என்று இரண்டு நாளில் செய்தி வந்தது. அதிகம் பேசாத ஆண் என்றால் சும்மாவா.

6

இங்கிருந்து எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. கெட்டவர் யாரும் இல்லாத சண்டையை எழுதுவது எப்போதும் கஷ்டம்.

"நான் அவங்ககிட்ட ( )"

"சொல்லணும். சொல்லலாம்டா. எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்."

"இல்லக்கா, நான் ( )"

"இப்பவே சொல்லணுமா? எதுக்கு? உனக்கு ஒரு நல்லது நடக்கறது உனக்கே பொறுக்கலையா?"

"பொய் ( )"

"பொய்யா? நான் என்னடா பொய் சொன்னேன்? அமைதின்னுதானே சொன்னேன். நீ அமைதி இல்லையா?"

அவன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டான். அவன் முகம் இறுகுவதையும், கழுத்து நரம்பு எழும்புவதையும் பார்த்ததும் அக்காவின் வாய் தானாகவே அசைந்தது. அது அவளுக்குத் தெரியவே தெரியாது என்று கண்ணாடிக்காரர் சொன்னார். குழந்தைக்குச் சோறூட்டும்போது ஊட்டுகிறவர்களின் வாயும் திறக்குமே, அப்படியாம்.

"அக்கா, நீ என் பேச்சை ( )"

"முடிச்சு வைக்கிறேன். அதானே? முடிச்சு வைக்காம என்ன பண்ண? நீ திணறதைப் பார்த்துக்கிட்டு நான் கல்லு மாதிரி நிக்கணுமா?"

"ஆமா," என்றான்.

அந்தச் சொல்லில் எதுவும் தடுக்கவில்லை. அக்கா எழுந்து தன் அறைக்குப் போனாள். பாட்டுத் தாள்கள் மேசையில் அப்படியே கிடந்தன. மறுநாள் பயிற்சிக்கு அவள் போகவில்லை. குச்சி கூப்பிட்டுக் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள்.

7

அவன் பணிமனை உணவகத்துக்குப் போனான். அதற்கு முன்னால் மூன்று நாள், சொல்ல வேண்டிய வாக்கியத்தை இத்தாலியச் சொல் போல அசை அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியிருந்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வில்லைப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று.

முதல் வரைவில் அவனை அங்கே மடமடவென்று பேசவைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அழகு பண்ணாதே என்று சொல்லியிருந்தாரே என்பதால் கிழித்துப் போட்டேன். இரண்டாவது வரைவில் அவன் பணிமனை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டான். அது இன்னும் நன்றாக இருந்தது. சோகத்துக்கு எப்போதும் ஒரு மவுசு. அதையும் கிழித்தேன். போனான், உட்கார்ந்தான். நடந்தது இதுதான்.

உணவகத்தில் தட்டுகள் மோதுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் பின்னால் நகர்ந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டீயுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கேன்," என்றான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லா அசையும் ஒரே உயரம், ஒரே அகலம்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "நீங்க ஏன் எங்க பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி பேசறீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பில் பழகியதெல்லாம் கலைந்துபோனது. மறுபடி கோக்கப் பார்த்தான், முடியவில்லை. சரி, போகட்டும் என்று விட்டான்.

"எனக்கு ( )"

"என்னைப் பிடிக்கலையா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"வேற யாராவது இருக்காங்களா?"

இல்லை.

"உடம்பு எதாவது?"

அவன் கையைத் தூக்கி அவளை நிறுத்தினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இறுகிய தாடையை, மூடிய கண்ணை. ஏதோ புரிந்திருக்க வேண்டும். "சரி. நான் வாயை மூடிக்கறேன்," என்றாள்.

"எனக்கு ( ) திக்கும்."

"அது இப்ப தெரியுது."

"எங்க அக்கா ( ) சொல்லல. நான் ( ) தலையாட்டினேன். அதுவும் ( ) பொய்தான்."

அவள் கோபப்பட்டாள். அதைக் குறைத்து எழுத மாட்டேன். "உங்க அக்கா பேசினப்பவே நினைச்சேன். எனக்குப் பார்த்தது உங்களையா உங்க அக்காவையான்னு," என்றாள். "எங்க வீட்டுல, தெரிஞ்சே இதை மறைச்சாங்கன்னு சொன்னா அப்பா என்ன சொல்வாரு தெரியுமா?" என்றாள். பிறகு, "பாருங்க, எனக்குக் காத்திருக்கறது பிடிக்காது. என் வேலையே அது. ஒரு பஸ் லேட்டானா எனக்கு வயிறு எரியும். நான் ஏதோ பொறுமையின் சிகரம்னு நினைச்சுக்கிட்டு வந்திருந்தா, இல்ல," என்றாள்.

"தெரியும்," என்றான். "டீ ( ) கொதிக்குது. பாதி ( ) காலி."

அவள் கோப்பையைப் பார்த்தாள். சிரிக்காமல் இருக்க முயன்றாள் என்று கண்ணாடிக்காரர் சொல்கிறார். சிரித்தாள் என்று நான் எழுதினால் அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் எழுதவில்லை.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா, வேற எதாவது இருக்கா?"

"இருக்கு," என்றான்.

வாசலில் இருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு தடத்தில் இரண்டு பேருந்து நின்றுவிட்டதாம். அவள் எழுந்தாள். "அஞ்சு நிமிஷத்துல வரேன், போங்க," என்று அங்கே சத்தமாகச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அவன் கேட்டான். கேள்வியை முழுக்கக் கேட்டான். நேரம் பிடித்தது. அவளும் பதில் சொன்னாள்.

8

என்ன பதில் என்று கண்ணாடிக்காரர் எனக்குச் சொன்னார். எனக்குத் தெரியும்.

இந்தக் கதையை எப்படி முடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. யார் முடிப்பது என்பதில்தான். அவர் சொன்ன இன்னொரு காட்சியைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அக்கா படிக்கட்டிலேயே நின்றிருந்தாள். மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கவில்லை. ஆனால் ஊகிப்பதில் அவளை மிஞ்ச ஆள் ஏது.

"போய்ச் சொல்லிட்டியா?"

தலையாட்டினான்.

"என்ன சொன்னா?"

"அவங்க ( )"

அக்காவின் நாக்கில் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன. வேண்டாம்னுட்டாளா. யோசிக்கணும்னுட்டாளா. சரின்னுட்டாளா. மூன்றும் உதட்டுவரை வந்து நின்றன. அவன் தாடை இறுகியது, கழுத்து நரம்பு எழும்பியது. அவள் வாய் வழக்கம்போலத் திறந்தது.

அதைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். அவனும் ஒரு படி கீழே உட்கார்ந்தான். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமலே வந்த நீர். கையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

உங்களிடமும் ஒரு முடிவு இருக்கும். இவ்வளவு தூரம் வந்தவருக்கு இல்லாமல் இருக்காது. அதை அப்படியே வாய்க்குள் வைத்திருங்கள். அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.